பின்னால் நிற்பவர்கள்

எந்த நட்சத்திரம் யாரைப் பிரிந்தார் என்பதில் எனக்கு அக்கறை இல்லை. ஹாலிவுட் படம் பார்த்தால் என் கண் போவது பின்னால் காபி குடிப்பவர் மேல்தான். "கதையப் பாருங்க" என்று மனைவி திட்டுவாள்.

அதனால்தான் 2023 ஹாலிவுட் வேலைநிறுத்தத்தை விடாமல் கவனித்தேன். எழுத்தாளர்கள் 148 நாள், நடிகர்கள் 118 நாள். இரு தரப்பும் ஒரே நேரத்தில் இறங்கியது 1960-க்குப் பிறகு அப்போதுதான். பின்னால் நிற்கும் துணை நடிகரை ஸ்கேன் செய்து, ஒருநாள் கூலியோடு அனுப்பிவிட்டு, அந்த உருவத்தைக் காலமெல்லாம் பயன்படுத்தப் பார்க்கிறார்கள் என்றது நடிகர் சங்கம். ஸ்டுடியோக்கள் மறுத்தன. கடைசியில் டிஜிட்டல் நகலுக்குச் சம்மதம் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஏறியது. கையெழுத்து போடாவிட்டால் அடுத்த வேலை கிடைக்குமா, அது வேறு கதை.

அந்த மாதங்களில் பெரிய ஸ்டுடியோ படங்களுக்கு நடிகர்கள் விளம்பரம் செய்யக்கூடாது. பேட்டி இல்லை, சிவப்புக் கம்பளத்தில் உடை ஆராய்ச்சி இல்லை. 'பார்பி' குழு மட்டும் அதற்கு முன்பே ஊர் சுற்றி முடித்துவிட்டது, சரி. எனக்கு என்னவோ நிம்மதியாக இருந்தது.

இப்போதெல்லாம் கூட்டக் காட்சி வந்தால் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறேன். நேற்று ஒரே முகம் இரண்டு இடத்தில் இருந்த மாதிரி தெரிந்தது. ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.