அதையும் எடுத்துட்டு வாங்க

என் பணிக்காலத்தின் பெரும்பகுதி காவிரி டெல்டாவின் துணை அஞ்சலகங்களில் கழிந்தது. தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டத்துச் சின்ன ஊர்கள். சில அலுவலகங்களில் கவுண்டர், கணக்கு, கல்லாப்பெட்டி எல்லாவற்றுக்கும் நான் ஒருவன்தான். ஓய்வு பெற்ற பிறகு தாலுகா அலுவலகம், மின்வாரியம், இ-சேவை மையம் என்று கம்பிக்கு வெளியே நிற்கிறேன். இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததில் ஒன்று மட்டும் எனக்கு உறுதியாகத் தெரிகிறது. வரிசையில் நிற்பதை நம் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். அரைகுறைப் பதிலைத்தான் அவர்களால் தாங்க முடிவதில்லை. ஒரு வேலை முடிய என்னென்ன காகிதம் வேண்டும் என்பதை ஒரே மூச்சில் யாரும் சொல்வதில்லை. ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் அடுத்தது வெளியே வரும். ‘அதையும் எடுத்துட்டு வாங்க.’

ஒரு ஊருக்கு நான் மாறுதலாகி வந்த புதிதில் ஒரு அம்மா வந்தார். நடவு, களையெடுப்பு என்று கூலி வேலைக்குப் போகிறவர். கணவர் இறந்து ஆறேழு மாதம் ஆகியிருந்தது. அவர் பெயரில் ஒரு ஆர்.டி. கணக்கு, மாதம் 500 ரூபாய், அறுபது தவணையில் பாதிக்கு மேல் கட்டியாயிற்று. அந்தப் பணம் இந்த அம்மாவின் மகள் படிப்புக்கு வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவர் முதலில் இறப்புச் சான்றிதழ் கேட்டிருக்கிறார். வாங்கி வந்தார். அப்புறம் கணக்கில் நாமினி போடவில்லை, வாரிசுச் சான்றிதழ் வேண்டும் என்றிருக்கிறார். தாலுகா அலுவலகத்துக்கு அலைந்து அதையும் வாங்கி வந்தார். அடுத்து, பாஸ்புக்கில் கணவர் பெயருக்கு முன்னால் இனிஷியல் இருக்கிறது, ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் இருக்கிறது, இரண்டும் ஒருவர்தான் என்பதற்குச் சான்று வேண்டும் என்று சொல்லப்பட்டது. கடைசியாக, “கோர்ட்டுக்குப் போயி ஆர்டர் வாங்கிட்டு வாங்கம்மா” என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார். அந்த அம்மா என்னிடம் சண்டை போடவில்லை. பையிலிருந்து காகிதங்களை எடுத்து கவுண்டரில் வைத்து, “தம்பி, இன்னும் என்ன வேணும்னு மொத்தமாச் சொல்லிடுங்க, என்னால முடியுமா முடியாதான்னு தெரிஞ்சிக்கிறேன்” என்றார்.

நான் விதியை எடுத்துப் பார்த்தேன். 2018-ஆம் ஆண்டின் அரசு சேமிப்பு ஊக்குவிப்புப் பொது விதிகளில் இது தெளிவாகவே இருக்கிறது. நாமினி இல்லாத கணக்கில் தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்து, கணக்குதாரர் இறந்து ஆறு மாதம் கடந்துவிட்டால், நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதில்லை. ஜாமீன்தாரர்களோடு ஒரு உறுதிமொழிக் கடிதம், ஒரு பிரமாணப் பத்திரம், மற்ற வாரிசுகள் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுக்கும் கடிதம், இவற்றோடு உரிமைக் கோரிக்கைப் படிவம், பாஸ்புக், இறப்புச் சான்றிதழ், உரிமை கோருபவரின் அடையாளச் சான்று ஆகியவை போதும். பயன்படுத்தி முடித்த ஒரு படிவத்தின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் தமிழில் எழுதினேன். எந்தக் கடிதத்தில் யார் கையெழுத்துப் போட வேண்டும், ஜாமீன்தாரர் என்ன காட்ட வேண்டும், எத்தனை நகல் வேண்டும் என்பதுவரை எழுதி, அடியில் தேதியும் என் கையெழுத்தும் போட்டேன். அவர் அதை அப்படியே முடித்துக் கொண்டுவந்தார். அனுமதிக்காக மேலே அனுப்பினோம், பணம் கிடைத்தது.

சீட்டு எழுதிக் கொடுக்கும் வழக்கத்தை நான் பணியில் சேர்ந்த காலத்தில் ஒரு போஸ்ட்மாஸ்டரிடம் பார்த்துப் பழகினேன். கும்பகோணம் பக்கத்துக்காரர். வாயால் சொன்னது தெருமுனை தாண்டுவதற்குள் மறந்துபோகும், அதுவும் துக்க வீட்டிலிருந்து வருகிறவருக்கு எதுவும் மனதில் நிற்காது என்பார். எழுதிக் கொடுத்தால் இன்னொரு பயனும் உண்டு. நாளைக்கு நான் விடுப்பில் இருந்தாலும் என் இடத்தில் உட்காருகிறவர் புதிதாக ஒன்றைக் கேட்க முடியாது.

ஏன் எல்லோரும் இதைச் செய்வதில்லை? சோம்பல், அலட்சியம் என்று வெளியே சொல்கிறார்கள். அதுவும் சில இடங்களில் இருக்கிறது, மறுக்க மாட்டேன். ஆனால் உள்ளே இருந்தவனுக்குத் தெரிந்த பெரிய காரணம் பயம். தவறான ஆளுக்குப் பணம் போய்விட்டால் கொடுத்த ஊழியரின் சம்பளத்தில் பிடிப்பார்கள். ‘ரெக்கவரி’ என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் ஆட்களுக்கு வயிற்றைக் கலக்கும். சேமிப்புக் கணக்கு சம்பந்தமான ஆணைகள் ஆங்கிலத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருக்கும். பழையதில் எது செல்லும், எது செல்லாது என்று நிதானமாகப் படிக்க நேரம் இருக்காது. சந்தேகம் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவதுதான் ஊழியருக்குப் பாதுகாப்பு. கொடுத்ததற்காக மெமோ வாங்கியவர்களை எனக்குத் தெரியும். கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் ஒருவரை மாதக்கணக்கில் அலையவிட்டதற்காக மெமோ வாங்கிய ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. இந்த ஏற்பாட்டை மாற்றாமல் ஊழியருக்கு இன்முகப் பயிற்சி கொடுத்துப் பயனில்லை என்பது என் எண்ணம்.

ஆள் பற்றாக்குறையும் சேர்ந்துகொள்கிறது. ஒற்றை ஆள் அலுவலகத்தில் காலையில் தபால் பை பிரிக்க வேண்டும், கிளை அஞ்சலகங்களின் கணக்கைச் சரிபார்க்க வேண்டும், ஏஜெண்ட் அக்காக்கள் கொண்டுவரும் ஆர்.டி. பட்டியலைப் பதிய வேண்டும், பிற்பகல் தபால் வண்டி வருவதற்குள் பை கட்ட வேண்டும். இதற்கு நடுவில் வாரிசு உரிமைக் கோரிக்கை ஒன்று வந்தால் அதை உட்கார்ந்து கேட்க அரை மணி நேரமாவது வேண்டும். ஸ்டாம்பு வாங்க வந்தவரும் பின்னால் நிற்பார். அந்த நேரத்தில் ஊழியர் கண்ணில் முதலில் படும் குறையை மட்டும் சொல்லி அனுப்பிவிடுவார். அவருக்குப் பத்து நிமிடம் மிச்சம். எதிரில் நிற்பவருக்கு ஒரு நாள் கூலி போயிற்று. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று 2021-இல் வந்தது நல்ல காரியம்தான். ஆனால் நடவு நாளில் ஒரு பொழுது வயலுக்குப் போகாவிட்டால் அந்தக் கூலியை யாரும் தர மாட்டார்கள். கவுண்டரில் இருப்பவருக்கு இந்தக் கணக்கு கண்ணில் படுவதே இல்லை.

நடவு என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். சேற்றிலும் தண்ணீரிலும் வேலை செய்தே விரல் ரேகை தேய்ந்துபோன பெண்கள் இங்கே ஏராளம். விரலை வைத்துப் பணம் எடுக்கும் கருவி அவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். “ரேகை விழலம்மா, நாளைக்கு வாங்க” என்கிறார்கள். நாளைக்கு மட்டும் ரேகை எப்படி முளைக்கும்? ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பிக்கலாம். சேமிப்புக் கணக்கு இருந்தால் பணம் எடுக்கும் படிவத்தில் சாட்சி வைத்துக் கைநாட்டுப் போட்டும் எடுக்கலாம். இந்த வழிகளை அவரிடம் சொல்லாமல் நாளைக்கு வரச்சொல்வது எனக்கு இப்போதும் ஆத்திரம் தரும் விஷயம்.

அதேபோல் இருபதாயிரம் ரூபாயும் அதற்கு மேலும் உள்ள முதிர்வுத் தொகையை ரொக்கமாகத் தரக் கூடாது என்பது வருமான வரிச் சட்டம். கணக்கில்தான் வரவு வைக்க வேண்டும். இதை ஆர்.டி. தொடங்கும் அன்றே சொல்லி ஒரு சேமிப்புக் கணக்கும் போட்டுவிடலாம். ஐந்து வருடம் கழித்து, கல்யாணச் செலவுக்குப் பணம் என்று வந்து நிற்பவரிடம் அப்போதுதான் சொல்கிறார்கள். அந்தச் சேமிப்புக் கணக்கிலிருந்து பெரிய தொகை எடுக்க முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும், சின்ன அலுவலகத்தில் அவ்வளவு ரொக்கம் வைத்திருக்க முடியாது என்பதும் இப்படித்தான் கடைசி நேரத்தில் தெரியவரும்.

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரை கடந்தது. கம்பங்கள் சாய்ந்து பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை, நெட்வொர்க் இல்லை. மக்கள் கையில் காசில்லை. அப்போது தினமும் காலையில் வாசலில் ஒரு அட்டையில் எழுதி வைத்தேன்: இன்று இணைப்பு இல்லை, இன்ன அலுவலகத்தில் ஜெனரேட்டர் ஓடுகிறது, அங்கே போனால் பணம் எடுக்கலாம், பாஸ்புக்கும் ஆதாரும் எடுத்துப் போங்கள். தென்னந்தோப்பு மொத்தமும் சாய்ந்துபோனவர்கள்கூட அதைப் படித்துவிட்டு, “சரி சார்” என்று போனார்கள். ஒருவரும் குரலை உயர்த்தவில்லை. சாதாரண நாளில் சர்வர் போனால் அதே மக்கள் கொதிக்கிறார்கள். சாதாரண நாளில் அவர்களுக்கு யாரும் விவரம் சொல்வதில்லை.

இப்போது வெளியில் நிற்கும்போது இதே கதையை மற்ற கவுண்டர்களிலும் பார்க்கிறேன். சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு நவம்பரில் கெடு நெருங்கும்போது அடங்கல் என்ற பயிர்க் கணக்குச் சான்றுக்காகக் கிராம நிர்வாக அலுவலரைத் தேடி விவசாயிகள் அலைகிறார்கள். கொள்முதல் நிலையத்தில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் நெல்லைக் கொண்டுபோய்க் கொட்டிய பிறகுதான் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருப்பதாகச் சொன்னார்கள். காயவைத்தார். அப்புறம் நெல் பிடிக்கச் சாக்குப் பை வரவில்லை என்றார்கள். சாக்கு வந்தபோது நில ஆவணமான சிட்டாவில் இன்னும் அவர் அப்பா பெயர் இருப்பது கண்ணில் பட்டது. இதற்குள் மழை வந்துவிட்டது. இந்த மூன்றையும் முதல் நாளே சொல்லியிருந்தால் அவர் நெல்லைக் களத்திலேயே மூடி வைத்திருப்பார். முளைத்த நெல்லைக் கையில் அள்ளிக் காட்டினார் அவர். எனக்குப் பேச்சு வரவில்லை.

அக்கம்பக்கத்தில் யாராவது கூப்பிட்டால் நானும் கூடப் போகிறேன். கவுண்டரில் நான் கேட்பது ஒன்றே ஒன்று: “இந்த வேலை முடிய மொத்தம் என்னென்ன வேண்டும், இந்தப் பேப்பரில் எழுதிக் கொடுங்கள்.” மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் எழுதித் தருகிறார்கள். இளம் ஊழியர்கள் சிலர் சந்தோஷமாகவே எழுதுகிறார்கள். மறுக்கிறவரிடம், எந்த விதிப்படி மறுக்கிறீர்கள் என்று மனுவாக எழுதிக் கொடுத்து, நகலில் ஒப்புதல் வாங்கிவைத்துக்கொள்ளச் சொல்கிறேன். அஞ்சல் துறைப் புகாருக்கு 1800 266 6868 என்ற இலவச எண் இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டம் நடக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில், என் மனு எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்கலாம், முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

துறைகள் செய்ய வேண்டியதும் பெரிய வேலை அல்ல. அடிக்கடி வரும் வேலைகள் பத்துப் பதினைந்துதான் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் வேண்டிய காகிதங்களைத் தமிழில் ஒரு தாளில் அச்சடித்து, விதி எண்ணோடு கவுண்டரிலேயே வைக்கட்டும். தாளில் உள்ளதைக் கொண்டுவந்தவரைத் திருப்பி அனுப்பினால் அனுப்பியவர் காரணம் எழுத வேண்டும் என்று ஆக்கட்டும். அந்தத் தாளை நம்பிப் பணம் கொடுத்த ஊழியருக்கு ரெக்கவரி கிடையாது என்றும் ஆக்கட்டும்.

அதுவரைக்கும் ஒரு வேலை நம் கையிலேயே இருக்கிறது. வீட்டிலுள்ள அஞ்சலக பாஸ்புக்குகளை எடுத்துப் பாருங்கள். நாமினி பதிந்திருக்கிறதா, பெயரும் இனிஷியலும் ஆதாரில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். இல்லாவிட்டால் கணக்கு வைத்திருப்பவர் நல்லபடியாக இருக்கும்போதே அவரையே கூட்டிக்கொண்டு போய்ப் பதிந்துவிடுங்கள். அதற்கு என்னென்ன வேண்டும் என்பதையும் முதலிலேயே மொத்தமாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.