ஒன்பதாவது மஞ்சள் கயிறு

ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை, ஆடிப்பெருக்கு. விடிவதற்கு முன்பே நானும் அம்மாவும் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போய்விட்டோம். தலைவாழை இலையில் காதோலை, கருகமணி, மஞ்சள், குங்குமம், வெல்லம் கலந்த பச்சரிசி, ஒரு சீப்பு வாழைப்பழம். எங்களுக்கு இரண்டு படி கீழே ஒரு புதுப்பெண் கல்யாண மாலையை ஆற்றில் விட்டுவிட்டுத் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டிருந்தாள். அவளுடைய மாமியார் குனிந்து அவள் கூந்தலை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மஞ்சள் தோய்த்த நூலை என் கழுத்தில் கட்டினார். முடிச்சுப் போட வெகுநேரம் ஆனது. ஈர நூல், விரல் வழுக்குகிறது போலும் என்று நினைத்தேன். திரும்பினால், அழுதுகொண்டிருந்தார்.

"காவேரித் தாயே, அடுத்த ஆடிக்குள்ளாவது இவளுக்கு ஒரு வழியைக் காட்டு."

இது ஒன்பதாவது கயிறு. முதல் கயிறு 2017-ல் கட்டியது. கொரோனா ஆண்டில் படித்துறையில் அனுமதி இல்லாததால் வீட்டுக் குழாயடியில் வைத்துக் கட்டினார். ஒவ்வோர் ஆண்டும் அந்த நூலுக்குக் கழுத்தை நீட்டும்போது எனக்கு நெஞ்சு அடைக்கும். முதல் கயிறு கட்டுவதற்கு எட்டு மாதங்களுக்கு முன்பே என் வாழ்க்கையில் ஒருவர் வந்துவிட்டார். அது அம்மாவுக்குத் தெரியாது.

பி.எட். படிக்கும்போது ஒரே வகுப்பு. அவர் கணிதம், நான் தமிழ். அப்போது 'நீ' என்றுதான் பேசிக்கொள்வோம். வேலைக்குப் போன பிறகு எப்போதோ என் வாயில் அது 'நீங்கள்' ஆனது. அவர் மதுரையில் ஒரு பள்ளியில் இருக்கிறார், நான் திருச்சியில். மாதம் ஒரு ஞாயிறு பஸ் ஏறி வருவார். எட்டு ஆண்டுகள் மத்தியப் பேருந்து நிலையத்தில் அவருக்காகக் காத்திருந்தேன். போன மாதத்திலிருந்து மதுரை பஸ்கள் பஞ்சப்பூருக்குப் போய்விட்டன, இப்போது அங்கே காத்திருக்கிறேன்.

அவர் ஏமாற்றுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். 2022-ல் அப்பாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது இரவு பஸ் பிடித்து வந்து, உடன் வேலை பார்க்கும் ஆசிரியையின் தம்பி என்று சொல்லி ஒரு யூனிட் ரத்தம் கொடுத்தார். இரண்டு இரவுகள் கீழ்த்தளத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வார்டுக்கு மட்டும் வரவில்லை. "எப்படி இருக்கிறார்?" என்று மணிக்கு ஒரு முறை செய்தி வரும். மூன்றாம் நாள் காலை முதல் பாடவேளைக்கு மதுரையில் நின்றார். அவருடைய அன்பில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று என்னிடம் அவர் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஆனால் நம் ஊரில் அந்தக் கேள்வி பெண்ணிடம் கேட்கப்படுவதில்லையே. ஐந்து பேராகவோ ஏழு பேராகவோ வர வேண்டும். தட்டில் பூவும் பழமும் வெற்றிலை பாக்கும் இருக்க வேண்டும். வீட்டில் மூத்தவர் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "உங்கள் பெண்ணை எங்கள் பையனுக்குக் கேட்டு வந்திருக்கிறோம்" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் காத்திருக்கிறேன். அதற்கு முன்னால் அவர் தன் அப்பாவிடம் ஒரு வாக்கியம் சொல்லியாக வேண்டும். ஒன்பதாவது ஆண்டாகத் தடைபட்டு நிற்பது அதுதான்.

முதலில் தங்கை கல்யாணம் முடியட்டும் என்றார். நியாயம்தான், அண்ணன் இப்படிச் செய்தால் தங்கைக்கு வரன் வராது என்று பயந்தார்கள். 2019-ல் அது முடிந்தது. அடுத்து கொரோனா. அடுத்து வீடு கட்டும் வேலை, வங்கிக் கடன். அதன்பின் அவருடைய அப்பாவுக்கு இதய நோய், "இந்த நேரத்தில் அவர் தாங்க மாட்டார்." ஒவ்வொன்றும் உண்மையான காரணம். ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் காரணம் ஒன்றுதான்: நாங்கள் வேறு வேறு சாதி. இதை எழுதாமல் மற்றதையெல்லாம் எழுதினால் பொய்யாகிவிடும். சிவகங்கைப் பக்கம் அவர்கள் கிராமத்தில் அவருடைய அப்பாவை ஊர்க் கோயில் காரியங்களுக்கு முதலில் அழைப்பார்கள். மகன் இப்படிச் செய்துவிட்டான் என்றால் அந்த அழைப்பு நின்றுவிடும். அந்த மனிதர் முகத்தை நினைத்தே இவர் வாய் அடைத்துப்போகிறது.

பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாம் என்று 2023-ல் ஒருமுறை சொன்னார். நானும் சார்பதிவாளர் அலுவலகம் வரை போய் விசாரித்தேன். 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி என்றால் முப்பது நாள் முன்னறிவிப்பு, அது அலுவலகப் பலகையில் ஒட்டப்படும், மூன்று சாட்சிகள் வேண்டும். இருவரும் இந்துக்கள் என்றால் அண்ணா முதல்வராக இருந்தபோது 1967-ல் கொண்டுவந்த திருத்தத்தின்படி சுயமரியாதைத் திருமணமும் செல்லும், மாலை மாற்றிக்கொண்டாலே போதும். சட்டம் எங்களுக்காக எப்போதோ கதவைத் திறந்து வைத்துவிட்டது. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இத்தனை ஆண்டு ஒளித்து வைத்த ஒன்றைக் கல்யாணத்திலும் ஒளித்துச் செய்ய என்னால் முடியாது. அவர் ரத்தம் கொடுத்த அப்பாவின் முன்னால் அவரை நிறுத்த வேண்டும் எனக்கு.

ஜூலையில் பதினொன்றாம் வகுப்பில் சங்கக் காதல் பாடல்களின் அகத்துறைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். 'வரைவு கடாதல்' என்று ஒரு துறை. வரைவு என்றால் திருமணம், கடாதல் என்றால் வற்புறுத்திக் கேட்டல். யானை நடமாடும் வழியில் இரவில் வராதே என்று தலைவனிடம் சொல்வாள் தலைவியின் தோழி. ஊர் அலர் பேசுகிறது என்பாள், தாய் இவளை வீட்டுக்குள் அடைத்துவிட்டாள் என்பாள். எதைச் சொன்னாலும் பொருள் ஒன்றுதான்: காலம் கடத்தாமல் வந்து பெண் கேள். களவு ஒழுக்கத்துக்கு, அதாவது மறைவாகக் காதலிப்பதற்கு, இரண்டு மாதம்தான் எல்லை என்று இறையனார் களவியல் என்ற இலக்கண நூல் வரையறுக்கிறது என்பதையும் சொன்னேன். மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் எழுந்து கேட்டாள்:

"இரண்டு மாதம் தாண்டிவிட்டால் தலைவி என்ன செய்வாள், டீச்சர்?"

"அறத்தொடு நிற்பாள்" என்றேன். காதலை வீட்டாருக்குத் தெரியப்படுத்துவாள் என்று பொருள். தலைவி தோழியிடம் சொல்வாள், தோழி வளர்ப்புத் தாயான செவிலியிடம், செவிலி பெற்ற தாயான நற்றாயிடம், நற்றாய் தந்தையிடம். கரும்பலகையில் அந்த நான்கு அம்புக்குறிகளையும் வரைந்து முடிப்பதற்குள் என் கை நடுங்கிவிட்டது. என் அம்மாவிடம் எடுத்துச் சொல்ல எனக்குத் தோழியும் இல்லை, செவிலியும் இல்லை. முப்பத்திரண்டு வயதில் நானே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

அன்று படித்துறையில், கட்டிய கயிற்றின் ஈரம் கழுத்தில் இறங்கிக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிட்டேன். "அம்மா, ஒருவர் இருக்கிறார்."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சத்தம் போடவில்லை. தாம்பாளத்தில் மிச்சமிருந்த பூவை எடுத்து ஆற்றில் போட்டுவிட்டு, தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டார்.

"ரத்தம் கொடுத்தானே, அந்தப் பையனா?"

எனக்குப் பேச்சே வரவில்லை.

"அன்றைக்கே நினைத்தேன். வெந்நீர் வாங்க நான் கீழே வந்தபோதெல்லாம் அதே பெஞ்சில் இருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்பான். உடன் வேலை பார்க்கிறவளுடைய தம்பி எவனடி இரண்டு இரவு முழித்திருப்பான்?" பிறகு சாதியைக் கேட்டார், சொன்னேன். வெகுநேரம் மௌனம். "உன் அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். அவர்கள் வீட்டிலிருந்து எப்போது வருகிறார்கள்?"

மூன்று ஆண்டுகளாக அம்மாவுக்குள் இந்தச் சந்தேகம் இருந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டேதான் எனக்கு மூன்று கயிறு கட்டியிருக்கிறார். நானாகச் சொல்லட்டும் என்று அவரும் காத்திருந்திருக்கிறார். இதை நினைத்து அன்று இரவெல்லாம் அழுதேன்.

அடுத்த ஞாயிறு பஞ்சப்பூரில் அவரிடம் அம்மா கேட்டதை அப்படியே சொன்னேன். "ஆவணி பிறக்கட்டும், ஆடியில் எப்படி நல்ல பேச்சு..." என்று ஆரம்பித்தவர், என் கழுத்தில் இருந்த நூலைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். தேநீர் ஆறிப் போகும் வரை இருவரும் பேசவில்லை. கிளம்பும்போது பஸ் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "பதினைந்தாம் தேதி பள்ளியில் கொடியேற்றம் முடிந்ததும் ஊருக்குப் போகிறேன். உன் அம்மாவுக்குத் தெரிந்த பிறகு என் அப்பாவுக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது" என்றார்.

நேற்று போயிருக்கிறார். மாலை நாலேகாலுக்கு, "வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்பா வயலில் இருக்கிறார்" என்று ஒரு செய்தி. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. நானும் அழைக்கவில்லை.

இன்று சனிக்கிழமை, இதை எழுதும்போது இரவு பத்தரை மணி. நாளை ஆவணி ஒன்று. கயிறு காய்ந்து விறைத்துவிட்டது, ரவிக்கையின் கழுத்துப் பட்டியில் மஞ்சள் கறை ஏறியிருக்கிறது. அம்மா எப்போதும் ஒன்பது மணிக்குத் தூங்கிவிடுவார். இன்றைக்குச் சமையலறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஏற்கெனவே துலக்கிய பித்தளைத் தாம்பாளத்தை மறுபடியும் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருக்கிறார். இரண்டு முறை அங்கிருந்தே குரல் கொடுத்துவிட்டார்:

"போன் வந்ததா?"