வீட்டு மொழிப் படிவத்தில் தமிழ் என்று எழுதிய பிறகு

டெக்சாஸ் மாநிலத்தில், டாலஸுக்கு வடக்கே உள்ள ஒரு புறநகரில் என் மகனைக் கிண்டர்கார்டனில் சேர்த்தபோது, பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசிப் பதிவு, முகவரிச் சான்று ஆகியவற்றோடு வீட்டு மொழிப் படிவம் ஒன்றையும் நிரப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. வீட்டில் எந்த மொழி பேசுகிறீர்கள், குழந்தை எந்த மொழியில் பேசுகிறது என்பவையே அதிலிருந்த முக்கியக் கேள்விகள். எங்களுக்கு முன்பே இங்கு வந்து குடியேறிய நண்பர்கள், "ஆங்கிலம் என்றே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளையைத் தனியே ஒதுக்கிவிடுவார்கள்" என்று அக்கறையோடு சொன்னார்கள். நானும் என் கணவரும் கலந்து பேசி, உள்ளதை உள்ளபடி தமிழ் என்றே எழுதினோம்.

ஆங்கிலம் அல்லாத மொழியைக் குறிப்பிட்டால், பள்ளி குழந்தையின் ஆங்கிலத் திறனைச் சோதித்து, ஆங்கிலம் கற்க அவனுக்கோ அவளுக்கோ தனி உதவி தேவையா என்று சேர்ந்த நான்கு வாரங்களுக்குள் முடிவு செய்ய வேண்டும். கிண்டர்கார்டன் வயதில் கேட்பதும் பேசுவதும் மட்டுமே சோதிக்கப்படுகின்றன. முடிவெடுப்பது எல்பாக் (LPAC) எனப்படும் மொழித் திறன் மதிப்பீட்டுக் குழு. பள்ளி நிர்வாகியும் ஆசிரியரும் மட்டுமல்லாமல், ஆங்கிலம் கற்க உதவும் திட்டத்தில் உள்ள மாணவர் ஒருவரின் பெற்றோரும் அதில் உறுப்பினர். எழுதியதைத் திருத்த நினைப்பவர்கள், சோதனை நடப்பதற்கு முன்பு, சேர்ந்த இரண்டு வாரங்களுக்குள் எழுத்து மூலம் கேட்க வேண்டும்.

என் மகன் சோதனையில் தேறவில்லை. டைனோசர்களின் பெயர்களை ஆங்கிலத்தில் கடகடவென்று ஒப்பிப்பவன், பென்சில் முனை உடைந்துவிட்டது என்று சொல்லத் தெரியாமல் அதைக் கையில் பிடித்தபடியே நெடுநேரம் உட்கார்ந்திருந்ததாக அவனுடைய ஆசிரியர் எங்களிடம் சொன்னபோது, அந்த முடிவு சரியானதே என்று புரிந்தது. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் ஈஎஸ்எல் (ESL) திட்டத்தில் சேர்ப்பதற்குப் பெற்றோரின் ஒப்புதல் தேவை. மறுக்கவும் உரிமை உண்டு. ஆனால் மறுத்தாலும் ஆங்கிலத் திறனை அளவிடும் டெல்பாஸ் (TELPAS) என்னும் ஆண்டுத் தேர்விலிருந்து பிள்ளைக்கு விலக்குக் கிடைக்காது என்பதைப் பலர் அறிவதில்லை. உதவியை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தேர்வை மட்டும் எழுத வைப்பதில் என்ன பயன்? நாங்கள் கையெழுத்திட்டோம். யாரும் அவனை ஒதுக்கவில்லை. ஈஎஸ்எல் சான்றிதழ் பெற்ற அவனுடைய வகுப்பாசிரியரே, அதே வகுப்பறையில், அறிவியலையும் கணக்கையும் படங்களோடும் சிறு குழுக்களோடும் கற்பித்தார்.

அடுத்த ஆண்டு எல்பாக் குழுவின் பெற்றோர் உறுப்பினராக என்னை அழைத்தார்கள். மாணவர் விவரங்களை வெளியே சொல்வதில்லை என்று உறுதியளித்திருப்பதால் பொதுவாக மட்டும் எழுதுகிறேன். ஸ்பானிஷ், தெலுங்கு, தமிழ், உருது, கொரியன் என்று அந்த மேசைக்கு வந்த கோப்புகளிலேயே இந்த ஊர் மாறியிருப்பது தெரிந்தது. 2000 வாக்கில் சில ஆயிரம் மாணவர்களே இருந்த பக்கத்து ஃபிரிஸ்கோ பள்ளி மாவட்டம் (ஊர்ப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) இருபதே ஆண்டுகளில் 60,000 மாணவர்களைத் தாண்டியது என்றால், இந்தப் பகுதியின் வேகத்தைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் பள்ளி மாவட்டத்தின் திட்டங்கள் இந்த மாற்றத்துக்கு ஈடுகொடுப்பது நம் படிவங்களைப் பொறுத்திருக்கிறது. ஆங்கிலம் கற்கும் மாணவர்களில் ஒரே மொழி பேசுபவர்கள் ஒரு வகுப்பு நிலையில் மாவட்டம் முழுவதிலுமாக 20 பேர் இருந்தால், இருமொழிக் கல்வி அளிக்க வேண்டும் என்பது டெக்சாஸ் சட்டம். தகுதியான ஆசிரியர் கிடைக்காத மாவட்டம் மாநிலத்திடம் விலக்குக் கேட்டு மாற்றுத் திட்டம் நடத்தலாம். திட்டத்தில் சேரும் மாணவர்களுக்காக மாநிலம் கூடுதல் நிதியும் தருகிறது. பயத்தில் ஆங்கிலம் என்று எழுதப்படும் ஒவ்வொரு தமிழ்ப் பிள்ளையும் இந்தக் கணக்கில் வராமலே போகிறது. இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

கிண்டர்கார்டனில் எவரையும் திட்டத்திலிருந்து விடுவிப்பதில்லை. முதல் வகுப்பு முடிவிலிருந்துதான் அதற்கு வாய்ப்பு. டெல்பாஸ் முடிவுகளையும் வாசிப்புத் தேர்வையும் ஆசிரியரின் மதிப்பீட்டையும் வைத்து, இரண்டாம் வகுப்பு முடிவில் என் மகனை விடுவித்தார்கள். அதன்பின் இரண்டு ஆண்டுகள் அவனுடைய முன்னேற்றத்தைப் பள்ளி கண்காணிக்க வேண்டும். பின்தங்கினால் எல்பாக் குழு அவனுடைய கோப்பை மீண்டும் எடுத்துப் பார்க்கும்.