மினிட் புத்தகமும் மூன்று ஆண்டுக் கெடுவும்

குடியிருப்போர் சங்கத்தில் தகராறு என்றாலே பணக் கையாடல்தான் என்று ஊர் முடிவுகட்டிவிடும். கோப்பைப் புரட்டினால் பல இடங்களில் பைசா சுத்தமாகவே இருக்கும், கோணல் காகிதத்தில் இருக்கும்.

1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி செயற்குழுவின் ஆயுள் அதிகபட்சம் 3 ஆண்டு. "வேறு ஆள் வரவில்லை, இவர்களே இருக்கட்டும்" என்று பொதுக்குழுவில் கைதட்டிக் கலைந்துவிடுகிறார்கள். அதே ஆட்கள் மறுபடி வருவதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் தேர்தல் நடந்து, தீர்மானம் எழுதி, செயற்குழுவில் யார் யார் என்று தெரிவிக்கும் படிவம் 7 மாவட்டப் பதிவாளரிடம் போயிருக்க வேண்டும். அது போகாத சங்கத்தில் எதிர் அணி வங்கிக்கு ஒரு கடிதம் கொடுத்தால் போதும், கணக்கு முடங்கலாம். அப்புறம் காவலாளி சம்பளமும் தண்ணீர் லாரிக் காசும் யார் கையிலிருந்து போகும்? எந்த அணியின் தேர்தல் செல்லும் என்பதைப் பதிவாளரே தீர்த்துவைப்பார் என்று நம்புவதும் வீண். அந்த வழக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போகும், ஆண்டுக்கணக்கில் இழுக்கும்.

அடுத்தது நோட்டீஸ். சங்கத்தின் சொந்த விதிகளான துணைவிதியைத் திருத்தச் சிறப்புத் தீர்மானம் வேண்டும்: 21 நாள் முன்னறிவிப்பு, வாக்களிக்கும் தகுதியோடு வந்திருப்பவர்களில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு. நோட்டீஸ் அனுப்பிய நாளையும் கூட்ட நாளையும் கழித்து 21 எண்ணுவதே பாதுகாப்பு. "இதர விஷயங்கள்" என்ற தலைப்பில் சந்தா உயர்வை நுழைத்தால், வராதவர் ஒருவர் பின்னால் கேள்வி கேட்பார். கேட்பது நியாயமும்கூட.

கூட்டத்தில் நடந்ததைப் பதியும் மினிட் புத்தகம்தான் பெரிய வியாதி. வெற்றுப் பக்கத்தில் முதலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மேலே வாசகத்தை ஒரு வாரம் கழித்து நிரப்பும் பழக்கம் இன்னும் போகவில்லை. "லிஃப்ட் பழுது பற்றி விவாதிக்கப்பட்டது" என்று எழுதினால் அது தீர்மானம் ஆகாது. என்ன வேலை, எவ்வளவு தொகைக்குள், யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார், ஆதரவு எத்தனை, எதிர்ப்பு எத்தனை என்பதெல்லாம் வேண்டும். பக்க எண் போட்ட தைத்த புத்தகமே நல்லது. தட்டச்சு செய்து ஒட்டினால், தாளிலும் புத்தகத்திலுமாகச் சேர்த்துப் படும்படி தலைவர் கையெழுத்திட வேண்டும். வாட்ஸ்அப் வாக்கெடுப்பு கருத்து கேட்க உதவும், அவ்வளவுதான். பெயின்ட் அடிக்கும் ஒப்பந்ததாரர் செயற்குழு உறுப்பினரின் மைத்துனராக இருந்தால், உறுப்பினர் அதைச் சொல்லிவிட்டு வெளியே போனார் என்ற ஒரு வரியும் மினிட் புத்தகத்தில் ஏறட்டும்.

பணத்துக்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை: செக்கில் இரண்டு கையெழுத்து, ரொக்கத்துக்கு ஓர் உச்சவரம்பு, தணிக்கை. மார்ச்சில் கணக்கு முடிக்கும் சங்கம் செப்டம்பருக்குள் ஆண்டுப் பொதுக்குழுவைக் கூட்டியாக வேண்டும்.

நிர்வாகம் கைமாறும்போது செக் புத்தகத்தையும் சாவிக்கொத்தையும் மறக்காமல் வாங்கிக்கொள்வார்கள். பதிவுச் சான்றிதழின் மூலப்பிரதி, உறுப்பினர் பதிவேடு, பழைய படிவம் 7 ரசீதுகள், மின்னஞ்சல் கடவுச்சொல் இவை முன்னாள் செயலாளர் வீட்டுப் பரணிலேயே தங்கிவிடும். பட்டியல் போட்டு, இரண்டு தரப்பும் கையெழுத்திட்டு, ஒரு நகலை மினிட் புத்தகத்தோடு வைக்க அரை மணி நேரம் போதும்.