ஹாவோ படித்தும் கம்பஸ் போகலாம்

ஒல்லாந்துக்கு வந்தபோது எனக்குப் பத்து வயது. இரண்டு வருடத்தில் ஆரம்பப் பாடசாலை முடிந்தது. ஆசிரியை அம்மாவையும் அப்பாவையும் கூப்பிட்டு, பிள்ளைக்கு ஹாவோ என்று சொன்னார். ஆரம்பப் பாடசாலைக்குப் பிறகு பிள்ளைகளைப் பிரித்து அனுப்பும் இடைநிலைப் பிரிவுகளில் அது ஒன்று, வேவேஓ இன்னொன்று. டச்சு எனக்கு அப்போதுதான் ஓரளவு வாயில் வரத் தொடங்கியிருந்தது. இங்கே வேவேஓ ஆறு வருடம் படித்தவர்கள் நேரே பல்கலைக்கழகம் போவார்கள். ஹாவோ ஐந்து வருடம் படித்தவர்களுக்கு ஹோகஸ்ஹோல், அதாவது தொழிலைச் சார்ந்த உயர்கல்வி.

"அப்ப பிள்ளை கம்பஸ் போகேலாதோ?" என்று அம்மா வழி முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்தார். பதில் தெரிந்த ஒருவரும் எங்களைச் சுற்றி இருக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஹோகஸ்ஹோலில் இயந்திரப் பொறியியல் படித்தேன். நான்கு வருடம், 240 கிரெடிட். ஒரு கிரெடிட் 28 மணித்தியால வேலை. முதல் வருடத்தின் 60 இல் அவர்கள் சொல்லும் அளவை எடுக்காவிட்டால் அந்தப் படிப்பிலிருந்தே நிறுத்திவிடுவார்கள். பத்துக்கு 5.5 சித்தி, 9 எடுப்பது அபூர்வம். 7 நல்ல புள்ளி என்று அப்பாவை நம்பவைக்கவே ஒரு வருடம் போனது.

முதல் வருடச் சான்றிதழோடு பல்கலைக்கழக இளநிலைக்கு மாறும் வழியும் உண்டு. பெரும்பாலும் கணிதத்தை வேவேஓ தரத்தில் எழுதிக் காட்டவேண்டும். நான் அதற்குத் துணியவில்லை. பட்டம் முடித்து ப்ரீ-மாஸ்டர் போனேன், அதாவது ஹோகஸ்ஹோலிலிருந்து பல்கலைக்கழக மாஸ்டருக்குப் போகப் பாலமாக இருக்கும் படிப்பு.

உண்மையான கஷ்டம் அங்கேதான். அதுவரை சூத்திரத்தை எடுத்துப் பாவித்தோம். இங்கே அது ஏன் சரி என்று நிறுவச் சொன்னார்கள். வகையீட்டுச் சமன்பாட்டில் முதல்முறை 4. மறுபரீட்சை வரைக்கும் நத்தார் விடுமுறை முழுக்க ஒரே புத்தகத்தோடு இருந்தேன். 6 வந்தது. அந்த ஆறுக்கு நான் அழுதேன்.

ஹோகஸ்ஹோலில் மைனருக்கென்று, அதாவது நாமே தெரிவுசெய்யும் துணைப்பாடத்துக்கென்று, அரை வருடம், 30 கிரெடிட், ஒதுக்கியிருப்பார்கள். தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள் சில அந்த இடத்திலேயே இந்தப் பாலப் பாடங்களைப் படிக்க விடுகின்றன. எனக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை. உங்கள் பிள்ளை இரண்டாம் வருடத்தில் இருக்கும்போதே விசாரியுங்கள். ப்ரீ-மாஸ்டருக்குப் போகும் காலம் மிச்சமாகும்.

வேவேஓக்காரருக்கு வேவேஓ ஆறும் பல்கலைக்கழக இளநிலை மூன்றும் ஒன்பது வருடம். எனக்கு ஹாவோ ஐந்தும் ஹோகஸ்ஹோல் நான்கும் ஒன்பது, மேலே ப்ரீ-மாஸ்டர். மாஸ்டர் முதல் விரிவுரையில் பக்கத்தில் இருந்தவன் நேரே வந்தவன், என்னைவிட ஒரு வயது இளையவன். அன்றிரவு அம்மாவுக்கு அதைத்தான் முதலில் சொன்னேன்.