ஆகஸ்ட் 6 விளக்கும் ஆகஸ்ட் 15 தீர்மானமும்

செட்டிநாட்டில் ஆகஸ்ட் 6 அன்று, அணுகுண்டில் இறந்தவர்களின் நினைவாக விளக்கு மிதக்கவிட்டு ஹிரோஷிமா நாள் நடத்தப் போகிறவர்களுக்கு: அது ஆடி மாதம். ஊருணிப் படித்துறையில் அகல் விளக்கை வெறுமனே மிதக்கவிட்டால் ஒரே காற்றில் அணைந்துவிடும். ஊருணி வற்றிக்கூடக் கிடக்கலாம், முதல் நாளே போய்ப் பாருங்கள். பாக்குமட்டைத் தட்டின் நடுவில் ஈரக் களிமண் வைத்து அகலைப் பதியுங்கள். சுற்றிலும் ஒரு சாண் உயரத்துக்குக் காகிதக் கூண்டு, மேல்பக்கம் திறந்திருக்கட்டும். தெர்மாகோல் வேண்டவே வேண்டாம். மறுநாள் தட்டுகளை அள்ளக் கையோடு இரண்டு பேரைச் சொல்லி வையுங்கள்.

விளக்கோடு நின்றால் அது வெறும் அழகுதான். ஒன்பது நாள் கழித்து, ஆகஸ்ட் 15, கிராம சபை. அணு ஆயுதத் தடை ஒப்பந்தம் 2021 ஜனவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது, இந்தியா சேரவில்லை. "சேருமாறு ஒன்றிய அரசைக் கேட்டுக்கொள்கிறோம்" என்று ஒரே வரியில் தீர்மானம் எழுதி, ஊராட்சி அலுவலகத்தில் முன்கூட்டியே மனுவாகக் கொடுங்கள். கூட்டத்தில் எழுந்து கேட்டால் "அடுத்த தடவை பார்ப்போம்" என்பார்கள்.

பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்: கைதட்டியதோடு கலைந்துவிடுவார்கள், தீர்மானப் புத்தகத்தில் ஒரு எழுத்தும் ஏறியிருக்காது. எழுதி, உரக்க வாசிக்கச் சொல்லி, நகல் கேளுங்கள்.

"அப்போ கூடங்குளம்?" என்று யாராவது கட்டாயம் கேட்பார். இந்த ஒப்பந்தம் ஆயுதத்தை மட்டுமே தடுக்கிறது, மின் நிலையத்தை அல்ல. அந்த வாதம் வேறு, அதற்கு வேறொரு நாள் உட்காரலாம்.

"நாம விட்டா பக்கத்து நாடு விடுமா?" என்பதற்குத்தான் நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.