பள்ளத்தில் கிடக்கும் குளிர்

ஆடி மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, அதிகாலை ஐந்தேகால் மணிக்கு, பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரின் நார்த்டேல் பகுதியில் உள்ள என் வீட்டிலிருந்து சைக்கிளை வெளியே இறக்கியபோது, எதிர் வீட்டுக் காரின் கண்ணாடியில் உறைபனி பொடி உப்பைத் தூவியதுபோல் படிந்திருந்தது. கைப்பேசி 3 டிகிரி என்று காட்டியது. ஊரில் ஆடி என்றால் அம்மியைப் பறக்கடிக்கும் காற்று. தென்னாப்பிரிக்காவில் அது நடுக் குளிர்காலம். ஆனாலும் ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் வழக்கத்தை இங்குள்ள தமிழர்கள் தலைமுறைகள் கடந்தும் விடாமல் வைத்திருக்கிறார்கள். டர்பனில், கேட்டோ மேனர் பக்கம், என் நண்பர் குடும்பத்தார் கும்பிடும் கோயிலில் அன்று கூழ். காரில் போனால் ஒரு மணி நேரம்தான். பழைய சாலை வழியாகத் தனியாகச் சைக்கிளில் போய்ச் சேருவது என்று மூன்று வாரங்களுக்கு முன்பே முடிவு செய்திருந்தேன். ஏறக்குறைய 95 கிலோமீட்டர்.

பக்கத்து வீட்டு ஆயா அந்நேரத்திற்கே விளக்கேற்றி முடித்திருந்தார். அவருடைய கணவர், நான் பார்த்தறியாத தாத்தா, இந்நகரின் காலணித் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர். எல்லாக் குளிர்காலத்திலும் சைக்கிளில்தான் போய்வந்தாராம். "நெஞ்சுல பேப்பர் வச்சுக்கிட்டுப் போ தம்பி, உங்க தாத்தா அப்படித்தான் போவாரு" என்று சொல்லி, பழைய நாளிதழ் ஒன்றை நான்காக மடித்துக் கொடுத்தார். விலையுயர்ந்த குளிர்ச்சட்டை ஒன்றை நான் அணிந்திருந்தேன். இருந்தாலும் அவர் சொன்னதைத் தட்ட மனமின்றித் தாளைச் சட்டைக்கும் உள்சட்டைக்கும் இடையில் செருகிக்கொண்டேன். பத்து நிமிடத்தில் அதன் அருமை தெரிந்தது. காற்று நெஞ்சில் வந்து மோதியது, உள்ளே வரவில்லை.

டர்பன் சாலைக்குப் போகுமுன் ரயில் நிலையத்தைச் சுற்றிக்கொண்டு போவது என் வழக்கம். 1893 ஜூன் 7 இரவில் காந்தியை முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து இறக்கிவிட்ட நிலையம் அது. அந்த நிகழ்ச்சியை எல்லோரும் அறிவார்கள். என் மனத்தில் தங்கியிருப்பது அவரே எழுதிய ஒரு சிறு செய்தி: மேலங்கி பெட்டியோடு ரயில்வேக்காரர்களிடம் இருந்தது, கேட்டால் மறுபடியும் அவமதிப்பார்களோ என்று கேட்காமலே இரவெல்லாம் நடுங்கியபடி உட்கார்ந்திருந்தார். இந்நகரத்துக் குளிர்காலம் ஒன்றைத் திறந்த வெளியில் அனுபவித்த பிறகுதான் அந்த வரி எனக்கு உறைத்தது. செங்கல் கட்டடத்தின் முன் ஒரு நிமிடம் நின்றுவிட்டுக் கிளம்பினேன்.

நான் தேனிப் பக்கத்துக்காரன். இளவயதில் வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்குச் சைக்கிள் மிதித்திருக்கிறேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் காற்று ஒரு படி குளிர்ந்துகொண்டே வரும்; மலை ஏறினால் குளிரும் என்பது எனக்குப் பால்பாடம். இங்கே குளிர்கால விடியலில் அந்தப் பாடம் தலைகீழாகிறது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலம் தன் சூட்டை வானத்திற்கு இழந்துவிட, அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று குளிர்ந்து கனத்துப்போய்ச் சரிவுகளில் தண்ணீரைப்போல் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல் நிற்கிறது. எங்கள் நகரமே ஒரு குழிக்குள் இருப்பதால், குளிர்காலத்தில் அடுப்புப் புகையும் ஆலைப் புகையும் மேலே போக வழியில்லாமல் கூரைகளுக்குச் சற்று மேலே பட்டையாகப் படுத்திருக்கும். காரில் போகிறவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை. சைக்கிளில் போகிறவரின் முழங்காலுக்கும் காதுக்கும் தெரியும்.

நகரத்தைக் கடந்து மேட்டில் ஏறினால் பாலி ஷார்ட்ஸ் என்னும் இறக்கம் வருகிறது. இவ்விரு நகரங்களுக்கும் இடையே ஆண்டுதோறும் திசை மாறி நடக்கும் காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டப்பந்தயம் டர்பனிலிருந்து மேல்நோக்கி வரும் ஆண்டுகளில், எண்பது கிலோமீட்டர் ஓடி வந்த கால்களை நடக்க வைக்கும் ஏற்றம் இது. எனக்கு இது எதிர்த்திசையில் இறக்கம். மிதிக்காமலே வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. 4 டிகிரிக் காற்றை அந்த வேகத்தில் கிழித்துக்கொண்டு போனால் தோலுக்கு அது சுழியத்திற்கும் கீழே 2 டிகிரிபோல் இருக்கும். கண்ணிலிருந்து வழிந்த நீர் காதோரம் ஓடியது. பாதி வழியில், வாசற்படி ஒன்றைத் தாண்டியதுபோல, குளிரின் தரமே மாறியது. அடிப்பள்ளத்தில், ஆஷ்பர்ட்டன் அருகே ஓடையைக் கடக்கும் இடத்தில், ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த சிறு கருவி கழித்தல் 1 என்றது. அந்த இடத்தில்தான் பின்சக்கரம் பஞ்சர் ஆனது.

பகலில் ஐந்து நிமிட வேலை. அன்று என் விரல்கள் என்னுடையவையாக இல்லை. கையுறையைக் கழற்றிய உடனே நுனிகள் வெளுத்துவிட்டன. டயர் லிவரைப் பிடித்தால் பிடித்திருக்கிறேனா என்று கண்ணால் பார்த்துத்தான் உறுதி செய்ய முடிந்தது. சற்றுத் தள்ளி, செடிப்பண்ணை ஒன்றின் வாசலில், இரவுக் காவலாளி ஓட்டை போட்ட தகர டின்னில் நெருப்பு வளர்த்து உட்கார்ந்திருந்தார். அதற்கு இங்கே இம்பவூலா என்று பெயர். "சாவுபோனா, பாபா" என்றேன். அவர் பதில் வணக்கம் சொல்லிவிட்டுத் தாம் உட்கார்ந்திருந்த கவிழ்த்த பால் கூடையை நெருப்பின் பக்கம் என்னிடம் தள்ளினார். விரல்களில் உயிர் திரும்பியபோது ஊசி குத்துவதுபோல் வலித்தது.

டியூபில் காற்று எங்கே கசிகிறது என்று விரலால் கண்டுபிடிக்க முடியாததால், காற்றடித்து, அதை உதட்டருகே மெல்லச் சுற்றிக்கொண்டு வந்தேன். மேலுதட்டில் நூலிழை அளவுக்கு ஒரு காற்று பட்டது. வேல முள் ஒன்று டயருக்குள் நின்றிருந்தது. காவலாளி அதைத் தம் நகத்தால் பிடுங்கி நெருப்பில் போட்டார். சொல்யூஷன் தடவினால் வழக்கமாக ஓரிரு நிமிடத்தில் பளபளப்பு மங்கிப் பட்டை ஒட்டத் தயாராகிவிடும். அந்தக் குளிரில் அது ஈரமாகவே கிடந்தது. தீயில் காட்டக் கூடாது, எளிதில் பற்றிக்கொள்ளும். ஆகையால் ட்யூபை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே குடையாகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். நாங்கள் இருவரும் அதிகம் பேசவில்லை. என் ஸுலு மொழி வணக்கத்தோடும் நன்றியோடும் நின்றுவிடுகிறது. ஒன்பது ஆண்டுகள் இந்நாட்டில் வாழ்ந்துவிட்டு இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. கிளம்பும்போது "ங்கியபோங்கா" என்றேன். அவர் சாலையின் மேட்டைக் காட்டி ஏதோ சொன்னார். மேலே போனால் சூடு என்றுதான் சொல்லியிருக்க வேண்டும்.

அப்படித்தான் இருந்தது. உம்லாஸ் ரோடு வரைக்கும் நீளும் அந்த ஏற்றம்தான் இந்தப் பாதையிலேயே உயரமான இடத்திற்கு, கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேல், கொண்டுபோகிறது. ஏற ஏற முழங்கால் இளகியது. பாதி ஏற்றத்தில் சூரியன் எழுந்தது. தெற்குக் கோளத்தில் சூரியன் வடக்குப் பக்கமாகவே போவதால், தென்கிழக்கே போகும் எனக்கு வெயில் முழுவதும் இடப்பக்கம்: இடக் கன்னம் சுட, வலக் கன்னம் இன்னும் மரத்துக் கிடந்தது. இடப்பக்க மண்மேடு நிழல் விழுத்திய இடங்களில் புல்லெல்லாம் வெள்ளை. நிழல் முடிந்த கோட்டில் ஈரப் பச்சை.

உச்சியில் கருவி 7 டிகிரி காட்டியது. பள்ளத்துக்கும் மேட்டுக்கும் எட்டு டிகிரி! அங்கே நின்று திரும்பிப் பார்த்தபோது, இதுவரை நூறு முறை காரில் கடந்தும் கவனிக்காத ஒன்றைக் கண்டேன். கரும்பு சரிவுகளில் மட்டும்தான் நிற்கிறது; பள்ளங்களின் அடிமடியில் வெறும் புல்வெளி. உறைபனி தேங்கும் இடத்தில் கரும்பின் குருத்து கருகிவிடும் என்பதால், குளிர் எதுவரை ஏறும் என்பதை அறிந்தே உழவர்கள் அங்கங்கே நிறுத்திக்கொண்டிருக்கிறார்கள். நான் முழங்காலால் அளந்து வந்த கோட்டை அவர்கள் கரும்பால் வரைந்து வைத்திருந்தார்கள். தூரத்தில் வெட்டுக்குமுன் சோகையை, அதாவது காய்ந்த கரும்பிலையை, கொளுத்திய வயலிலிருந்து வெல்லம் தீய்ந்த மணம் வந்தது. கரும்பு வெட்டு இந்நாட்டில் குளிர்காலத்து வேலை. 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் வந்து நின்ற டுரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்த 342 பேர் இறங்கினார்கள். இந்தக் கரும்புக்காகத்தான் அவர்களை அழைத்து வந்தார்கள். நடுங்கும் கையால் வெட்டுக்கத்தியைப் பிடிப்பது எப்படி இருந்திருக்கும் என்பதை, டயர் லிவரைப் பிடிக்க முடியாமல் தவித்த அந்தக் காலையில் ஓரளவு நினைத்துப் பார்க்க முடிந்தது.

கேம்பர்டவுன், கேட்டோ ரிட்ஜ் இரண்டும் விரைவாகக் கடந்தன. வலப்பக்கத்திலிருந்து காற்று எழுந்தது. அது தெற்கிலிருந்து வந்த காற்று. தென்றல் என்றால் இதம், வாடை என்றால் நடுக்கம் என்று பழகிய தமிழ்க் காதுக்கு இந்நாட்டுத் திசைகள் பிடிபடச் சில ஆண்டுகள் ஆகும். இங்கே தெற்கிலிருந்து வருவதுதான் குளிர். குளிர்காலத்தில் வடமேற்கே உள்நாட்டிலிருந்து மலையிறங்கி வரும் காற்று அனலாக வீசும். அன்று அடித்த தென்றலுக்கு நாளிதழைத் தவிர வேறு மருந்து இருக்கவில்லை.

டிரம்மண்டைத் தாண்டி, சாலையோர மண்சுவரில் குடைந்த ஆர்தரின் இருக்கையில் வாடிய பூக்கள் இரண்டு கிடந்தன. காம்ரேட்ஸை ஐந்து முறை வென்ற ஆர்தர் நியூட்டன் ஓய்வெடுத்த இடம் என்பார்கள். ஓடுகிறவர்கள் அவருக்குக் காலை வணக்கம் சொல்லிப் பூ வைத்துவிட்டுப் போவார்கள். நானும் நின்று தமிழில் வணக்கம் சொன்னேன். போத்தாஸ் ஹில் ஏற்றத்தில் இடப்பக்கம் ஆயிரம் குன்றுப் பள்ளத்தாக்கு திறந்தது. அடியில் உம்கேனி ஆற்றை ஒட்டி மூடுபனி இன்னும் கலையாமல் பால்போல் கிடக்க, குன்றுகளின் தலைகள் மட்டும் வெயிலில் நின்றன. அந்தப் பாலுக்குள் இருப்பவர்களுக்கு இப்போதும் விடியல் குளிர்தான் என்று எனக்குத் தெரிந்தது. கால் மணி நேரம் சாலையோரக் கம்பியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பின் ஹில்கிரெஸ்ட், க்ளூஃப், பைன்டவுன் எல்லாம் பெரும்பாலும் இறக்கம். குளிர் கழன்றுகொண்டே வந்தது. வெஸ்ட்வில்லில் கையுறை பைக்குள் போனது. கோயிலை அடைந்தபோது பதினொன்றரை மணி, வெயில் 22 டிகிரி. வாசலில் நண்பரின் அம்மா என்னைப் பார்த்ததும், "நெஞ்சுல என்னப்பா அது?" என்று கேட்டார். சட்டையைத் திறந்தேன். வேர்வையில் ஊறிய நாளிதழ் கிழிந்து கிழிந்து வந்தது. வெள்ளை உள்சட்டையில் கால்பந்துச் செய்தியின் தலைப்பு கறுப்பாக, இடவலம் மாறி, பதிந்திருந்தது. அதோடுதான் வரிசையில் நின்று கூழ் வாங்கினேன்.